இரண்டு வேனில் வந்த கேலக்ஸி

என் மகள் ஆகாசத்தைப் பற்றிப் படிக்கிறாள், டாக்டர் பட்டத்துக்கு. பெண் பார்க்க வந்த சமயத்தில் இன்னும் ஒரு வருசம் பாக்கி. நான் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறவள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் தீர்ந்தது. அவள் படிப்பு எனக்கு விளங்காது. விளங்கியதாகக் காட்டிக்கொண்டதும் இல்லை.

அவளுக்கு அப்பா இல்லை. மாப்பிள்ளை பார்த்தது என் அண்ணன். பையனுக்குக் குவைத்தில் வேலை.

"பெரிய குடும்பமாக்கும்" என்றான் அண்ணன். வேறு என்ன என்று கேட்டேன். "பெரிய குடும்பம்" என்று மறுபடியும் சொன்னான்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கல்யாணம் ஆனாலும் அவள் படித்து முடிக்க வேண்டும், அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடு என்றேன். அண்ணன் தலையாட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

பெண் பார்க்க நாலு பேர் வந்தால் போதும். ஆனால் குடும்பம் பெரிசு என்று காட்ட வேண்டுமானால் வேன் பிடிக்க வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு இரண்டு வேன் வந்தது. அக்கம்பக்கத்து நாற்காலிகளெல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்தும் போதவில்லை. பாதிப் பேர் பலா மரத்தடியில் நின்றார்கள். முந்திரிக்கொத்து வைத்த தட்டு மரத்தடிக்குப் போனது. தட்டு மட்டும் திரும்பி வந்தது.

நடுவில் உட்கார்ந்தவர் பையனுடைய பெரியப்பா. பையன் ஓரத்தில். எதைக் கேட்டாலும் பெரியப்பா முகத்தைப் பார்ப்பான். சாயாவுக்குச் சீனி வேணுமா என்று கேட்டேன். அதற்கும் பார்த்தான்.

"சீனி போடட்டு" என்றார் அவர்.

பிறகு மகளிடம் திரும்பினார். "மோளே, நீ என்னதான் படிக்கே? எங்களுக்கும் மனசிலாவட்டு."

அவள் சொன்னாள். கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்து கிடந்தால் அது ஒரு கேலக்ஸி. நட்சத்திரம் ஒரு அடுப்பு. இரும்பு, கரி, நாம் இழுக்கிற மூச்சுக்காற்று எல்லாம் அதில்தான் வேகிறது. பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது அதெல்லாம் காற்றாகக் கிளம்பும். சின்ன கேலக்ஸிக்கு அதை இழுத்து வைக்க வலு காணாது, வெளியே போய்விடும். பெரியதற்குக் கனம் அதிகம், போக விடாது. அதனால் பெரிய கேலக்ஸியில் இந்தச் சரக்கு அதிகம், சின்னதில் குறைவு. எவ்வளவு கனத்துக்கு எவ்வளவு சரக்கு என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

இவ்வளவும் அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். முதல் தடவையாக எனக்கே கொஞ்சம் விளங்கியது. பெரியப்பாவுக்கு முழுக்க விளங்கிவிட்டது. தொடையில் ஒரு அடி அடித்தார்.

"இதத்தானே நான் இத்தன காலமும் சொல்லுகேன்! பெரிய குடும்பம்னா சும்மாவா? ஆகாசத்துலயும் அப்பிடித்தானாம், கேட்டியளா?"

மரத்தடிவரைக்கும் தலைகள் ஆடின. இரண்டு வேன் சனத்துக்கும் அன்றைக்கு ஆகாசத்திலிருந்து சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. என் அண்ணனும் ஆட்டினான்.

"எங்க வீட்டுக்கு வந்த எதும் வெளிய போன சரித்திரம் கெடையாது" என்றார் அவர். "எனக்க மருமக்கமாரு நாலு பேரும் படிச்சவளுவதான். ஒருத்திகூட வேலைக்குப் போவல்ல. மோளும் அப்பிடி இருந்தாப் போதும். படிச்சவரைக்கும் தாராளம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் பலா மரத்தைப் பார்த்தான். காய்க்கிற காலம்கூட இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சரி என்றால் அவள் சரி என்பாள். அதை முன்னாலேயே சொல்லியிருந்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை. இருபத்தெட்டு வயசுப் பெண், அப்பா இல்லாத வீடு, தெரு முழுக்க ஆட்கள்.

நான் பையனிடம் கேட்டேன். "மக்கா, நீ என்ன சொல்லுக?"

அவன் பெரியப்பா முகத்தைப் பார்த்தான்.

"அவன் என்னத்தச் சொல்ல?" என்றார் பெரியப்பா.

மகள் மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், பெரிய கேலக்ஸி எப்பிடிப் பெரிசாச்சுன்னு கேக்கேலியே?"

"சொல்லு மோளே."

"பக்கத்துல கெடந்த சின்னதுகளப் பிடிச்சுத் தின்னுதான் பலதும் பெரிசாச்சு. தின்னு தின்னு, கடைசியில ரொம்பப் பெரிசுல அடுப்பே அணைஞ்சு போவும். புது நட்சத்திரம் ஒண்ணும் பெறக்காது. பழசு மட்டும் மினுங்கிட்டுக் கெடக்கும்."

மரத்தடியில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். நாலு மருமகள்களில் ஒருத்தியாக இருக்கும். பெரியப்பா திரும்புவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு வாய் திறந்தது.

"சாயா ஆறுது. குடிச்சிட்டு எறங்குங்க" என்றேன்.

"என்ன பேச்சாக்கும் இது? இப்பிடியொரு குடும்பம் இனி கிட்டுமா ஒங்களுக்கு?"

"கிட்டாண்டாம்."

வேன் இரண்டும் தெருவில் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே போயின. பெரிசாக இருந்தால் அந்தக் கஷ்டமும் உண்டு. அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

இப்போதும் தரகர் போன் பண்ணுவதுண்டு. மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்கிற கேள்வி இதுதானாம்: பெண் கேலக்ஸி பற்றிப் பேசுமா?

"பேசும்" என்பேன். தரகர் போனை வைத்துவிடுவார்.

அவளுக்குப் படிப்பு முடிய இன்னும் கொஞ்ச மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் இந்த ஒரு பதிலே போதும்.