மூடியைத் தூக்காமல் இருப்பது

கிளாஸ்கோவில் தயிர் எளிதில் உறைவதில்லை. சங்கரன்கோவிலில் பாலில் மோர்விட்டு மூடினால் மறந்துவிடலாம். இங்கே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஹீட்டர் அருகில் வைத்தாலும் எனக்குக் கவலைதான். போன ஞாயிறு நான்காம் முறையாக மூடியைத் தூக்கியபோது மகள் கோமதி பார்த்துவிட்டாள்.

"எத்தன தடவப்பா தொறந்து பாப்பிய? ஆட்டிக்கிட்டே இருந்தா உறையுமா?"

சொன்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானும் இதத்தானப்பா செய்யுதேன்."

அவள் இங்குள்ள ஆய்வகத்தில் ஒரு புரதத்தை ஆராய்கிறாள். நம் உயிரணுக்களுக்குள் இருப்பது. பனிக்கட்டியில் வைத்தால் துகள்துகளாகக் கரைந்து கிடக்கும். உடம்புச் சூட்டில் வைத்தால் துகள்கள் தாமாகவே கோத்துக்கொண்டு இழைகளாகும். இழைகள் கோடுகோடாக அணிவகுக்கும். அந்தக் கோடுகளைப் பேராசிரியருக்குக் காட்டினால்தான் இன்னும் ஓராண்டு வேலை. இல்லாவிட்டால் இருவரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். குளிர்பட்டால் இழைகள் பிரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும், புரதம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை வெந்நீர்த் தொட்டியிலிருந்து அடிக்கடி தூக்கிப் பார்த்திருக்கிறாள். என் மகள் வேறு எப்படி இருப்பாள்?

ஊரில் ஆடித்தபசுத் திருவிழா அன்று ரத வீதியில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது பள்ளிக்கூட வாத்தியாராயிருந்த என் பொறுப்பு. ஒரு வருஷம் கயிறு அறுந்துவிட்டது. நான் கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன். அம்மன் சப்பரத்தின்மேல் நேர்த்திக்கடனாக எறியத் தன் வயல் பருத்தியைக் கொண்டுவந்திருந்த ராயகிரிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சார்வாள், நீங்க ஒருத்தர்தான் குறுக்க நிக்கிய. கொஞ்சம் சும்மா இருங்க, வழி தன்னால வரும்." வந்தது.

திங்களன்று நானும் ஆய்வகம் போனேன். கோமதி குழாயைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பஸ்களை எண்ணினேன். முப்பதைத் தாண்டியபோது பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். தெளிந்த நீருக்குள், தறியில் ஏற்றிய பாவுபோல மெல்லிய வரிகள்.

"இவற்றை வரிசைப்படுத்துவது யார்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"உங்கள் மகள்தான். அடுத்த ஆண்டும் அவர்தான்."

"அதில்லை. உள்ளே?"

"உள்ளேயா? யாருமில்லை" என்று சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கையில் கோமதி சொன்னாள்: "இந்த இழை இருக்குல்லாப்பா, ஒரு நுனியில துகள் சேந்துக்கிட்டே இருக்கும், மறுநுனியில உதுந்துக்கிட்டே இருக்கும். நீளம் அதேதான். ஆனா இடம் நகந்துரும்."

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவின் வீடுகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு வீட்டுக்காரர் பெயர் வரவில்லை. அதற்குள் எதிரே வந்த எங்கள் கிளாஸ்கோ தெருப் பால்காரர் தொப்பியைத் தொட்டு என் பெயரைச் சொன்னார். நானும் அவர் பெயரைச் சொன்னேன்.