வகுப்பறைக்குக் கீழே ஒரு கிணறு

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடையொன்றில் லேமினேட் இயந்திரத்திலிருந்து எழுந்த சூடான பிளாஸ்டிக் வாசனை, சுவா சூ காங்கில் இன்று இல்லாத என் தொடக்கப்பள்ளிக்கு என்னை இழுத்துப் போனது. ஊர் வரலாற்றுப் பாடத்தன்று ஆசிரியை புரொஜெக்டரில் எங்கள் குடியிருப்புப் பேட்டையின் வரைபடத்தை வைத்து, அதன்மேல் முன்பு அங்கிருந்த கம்பத்துக் கிராமத்தை வரைந்த கண்ணாடித்தாளை மெல்ல இறக்கினார். புரொஜெக்டரின் விசிறி இரைய, சூடேறிய தாள் அதே வாசனை வீச, அடுக்குமாடி புளோக்குகளுக்கு அடியிலிருந்து மண்பாதைகளும் குளங்களும் சுவரில் மிதந்து வந்தன.

வகுப்பில் வாயே திறக்காத செல்வி எழுந்து சுவரருகே ஓடினாள்.

"டீச்சர், இங்கதான் எங்க வீடு! இது எங்க கிணறு!"

அவள் விரல் வைத்த இடத்தில் எங்கள் பள்ளி இருந்தது.

"அப்ப கிணறு நம்ம காலுக்குக் கீழதான் லா!" என்றான் ஒருவன்.

ஒவ்வொருவராகக் கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டோம். செல்வி மட்டும், தன் வீட்டில் நிற்பவளாக, தரையில் நின்று சிரித்தாள்.