வாய் திறக்காத கேட்காரர்

ரயில்வே கேட்காரர் முனுசாமியைத் துரோகி ஆக்கியவன் நான்.

இன்று எங்கோ மண்ணெண்ணெய் வாசனை வந்ததும், இப்போது மேம்பாலம் வந்துவிட்ட கடம்பத்தூர் ரயில்வே கேட்டும் அவர் விளக்கு துடைக்கும் துணியும் நினைவுக்கு வந்தன. யுத்தகாலத்தில் சிப்பாய்களை ஏற்றிய ரயில் போகும்போதெல்லாம் நாங்கள் ஜே போட்டு அழுவோம். அவர் மட்டும் பச்சைக்கொடியோடு பேசாமல் நிற்பார்.

“சக்கரத்துல பொகை வருதான்னு பாக்கணும்டா. கூவிக்கினு இருந்தா இன்னா தெரியும்?” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அது தெரிந்தும், பள்ளி மேடையில் கைதட்டலுக்காக, “ஜே சொல்லாத துரோகி நம் கேட்டிலேயே நிற்கிறான்” என்று தேம்பினேன். ஊர் அவர் வீட்டுக் குடங்களை உடைத்து அவரைத் துரத்தியது.

பல வருடம் கழித்து, திருவாலங்காட்டில் அவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

“அத்த வுடு. அன்னிக்கு மேடையில அழுதியே, நெசமாவா அழுத?” என்றார்.