வனிலாப் போத்தல்கள்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் போத்தல்கள் நிற்கின்றன. சத்துப்பானம், வனிலாச் சுவை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இங்கே நோர்வேயில், அம்மருட் என்ற இடத்தில் எட்டாம் மாடியில் உள்ள மாமாவின் குசினிதான் ஞாபகம் வருகிறது.

ஆறு வருடங்களுக்கு முன் மாமாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். அம்மாவின் தம்பி, தனி ஆள். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அங்கே நோர்வேஜிய மொழியில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. கட்டியை வெட்டுவதற்கு முன் உடம்பு தேறவேண்டும் என்றார் உணவியலாளர். மெலிந்த உடம்பில் காயம் லேசில் ஆறாது, கிருமி தொற்றும். சாப்பாட்டோடு இந்தச் சத்துப்பானமும் நாளுக்கு மூன்று போத்தல் குடிக்கவேண்டும். மாமா நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். நான் போகும்போதெல்லாம் குசினியில் வெறும் போத்தல்கள் பை நிறையக் கிடக்கும். எனக்கு அப்படியொரு நிம்மதி.

சத்திரசிகிச்சைக்கு முந்தின கிழமை தராசில் ஏற்றினார்கள். மூன்று கிலோ குறைவு! உணவியலாளர் என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன், மாமா சுவரைப் பார்த்தார். திகதி தள்ளிப்போனது. கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்க, நாங்கள் எடை ஏறக் காத்திருக்கவேண்டியதாயிற்று.

காரில் வைத்துத்தான் உண்மை வெளியே வந்தது. நோய் வருத்தம் பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் போத்தலைத் திறந்து நீட்டியிருக்கிறார்.

"தேத்தண்ணி போட எழும்பேலாமக் கிடந்தது. வந்த சனத்தை வெறும் வாயோடை அனுப்பேலுமே? சத்துச் சாமான் எண்டு பிள்ளையளுக்கும் குடுத்தனான்."

"உங்களுக்கென்ன விசரே மாமா? அது உங்கடை மருந்தெல்லோ!"

கத்திவிட்டு, காரை ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன். இந்த மனுசன் செத்துப்போவார் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

வருகிறவர்களை மறிக்க முடியாது, மறித்தால் கோபிப்பார்கள். அம்மாதான் வழி கண்டார். தினமும் பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அங்கேயே இருந்தார். மாமா ஒரு போத்தல் குடித்து முடித்தால்தான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி. சனம் சும்மா விடுமா? "கெதியாக் குடியும், எங்களுக்குத் தொண்டை காயுது" என்று நெருக்கினார்கள். நாலு கிழமையில் எடை ஏறியது. வெட்டினார்கள், காயமும் ஆறியது. இரைப்பையில் பாதி போய்விட்டது, ஆள் இருக்கிறார்.

இப்போது எனக்குக் குடலில். வெட்ட இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. நேற்று மாமா வந்தார். தேத்தண்ணி போட எழும்பினேன், கால் ஏலவில்லை. என் கை தானாகப் பிரிட்ஜ் கதவுக்குப் போய், ஒரு போத்தலை எடுத்து அவரிடம் நீட்டியது. வெட்கமாய்ப் போய்விட்டது. மாமா சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"நீ குடிச்சு முடி பிள்ளை. பிறகு தேத்தண்ணியை நான் போடுறன்."