கட்டை விரலில் பச்சைப் புகை

தி. நகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஊக்கும் பஞ்சும் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் பையை என் கையில் தரவில்லை. நான் நீட்டிய கைக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடி மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். நகர்த்திவிட்டு எனக்குப் பின்னால் நின்ற அம்மாளைப் பார்த்தாள். நான் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் உறைத்தது. இது சென்னை. இங்கே ஒரு பெண்ணிடமிருந்து பொருளை வாங்கும்போது விரலோடு விரல் படாமல் வாங்க வேண்டும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் இருவரில் ஒருவர் 'சாரி' சொல்ல வேண்டும். இந்த ஊரில் இருந்தவரை நானும் அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவன்தான். இங்கிலாந்துக்குப் போய்க் கெட்டுப்போய்விட்டேன்.

கெட்டுப்போனேன் என்றால், பெண்களின் கையைப் பிடிப்பதுதான் அங்கே என் வேலை. பர்மிங்காமில் ஒரு நகக்கடை. காலையில் கடை திறந்ததும் யாரோ ஒருத்தி வருவாள். பெயர் சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள், உட்கார்ந்ததும் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிவிடுவாள். பிறகு தன் நாய் நேற்று என்ன தின்றது என்று சொல்ல ஆரம்பிப்பாள். நான் தேய்ப்பேன், வெட்டுவேன், வண்ணம் பூசுவேன். என் மனைவி கலா அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு போனவன் நான். போன புதிதில் இந்தக் கடையில் தரை துடைத்தேன். கடைக்காரம்மாள் வியட்நாம்காரி. ஒருநாள் கடையில் ஆள் குறைந்தபோது துடைப்பத்தை வாங்கிக்கொண்டு பிரஷ்ஷைக் கொடுத்தாள். எனக்குக் கை நடுங்காது. அவ்வளவுதான் என் தகுதி.

இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே ஒரே பைத்தியம்: பச்சைப் புகை. நகத்தில் முதலில் வெள்ளை பூச வேண்டும். அது காய்ந்ததும் கரும்பச்சையில் ஒரு பொட்டு, இளம்பச்சையில் ஒரு பொட்டு. அது ஈரமாக இருக்கும்போதே பூச்சை அழிக்கிற ரிமூவரில் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தைத் தொட வேண்டும். பச்சை கரைந்து, வெள்ளைக்குள் புகை மாதிரி பரவும். தண்ணீர்விட்டு வரைந்த படம் மாதிரி இருக்கும். ஒரு தடவைதான் தொடலாம். ஆசைப்பட்டு இரண்டாவது தடவை தொட்டால் ரிமூவர் அடியில் இருக்கிற வெள்ளையையும் தின்றுவிடும். ஒருத்தி அந்த நகங்களைப் பார்த்துவிட்டு, மலைக்காட்டில் மூடுபனி இறங்கியதுபோல் இருக்கிறது என்றாள். உங்கள் ஊரில் இப்படி உண்டா என்று கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். என் ஊரில் இந்த நிறம் ஆற்றில் இருக்கிறது, எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது என்றேன். அவள் கண் விரிந்தது. "ஆற்றைப் பார்த்த வீடா? கொடுத்துவைத்த குடும்பம்" என்றாள். அடையாற்றங்கரையில் தகரக் கூரைக்குக் கீழே, மழைக்கு மழை சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பம் எப்படிக் கொடுத்துவைத்தது என்று விளக்குவதற்கு எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. "யெஸ்" என்று சொல்லி மேல்பூச்சு பூசினேன்.

அந்தக் கொடுத்துவைத்த குடும்பத்தை அப்புறம் அரசாங்கத்தார் ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கடல் தாண்டிப் போனேன், என் நைனா சதுப்பு நிலம் தாண்டிப் போனார். இரண்டு பேரில் யார் அதிக தூரம் போனது என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். இன்றைக்கும் அவர் விடியற்காலையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறார். அங்கே சவாரி கிடைக்காதா என்று கேட்டால், "அதெல்லாம் நம்ம ஏரியா இல்லடா" என்பார். வனிதாவின் கல்யாணத்துக்கும் மயிலாப்பூரில்தான் மண்டபம் பிடித்தார். மாடியும் கீழுமாக ஒரு சின்ன மண்டபம். ஆனால் நம்ம ஏரியா.

வனிதா என் தங்கை. தரமணியில் ஒரு ஐ.டி. ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு கோபாலபுரம். ஐ.டி. கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் என்று சொல்லி வந்த சம்பந்தம். நைனாவும் சளைக்கவில்லை. என் புள்ள லண்டன்ல மேனேஜர் என்று சொல்லியிருக்கிறார். பர்மிங்காம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாதாம், அதனால் லண்டன். நகக்கடை என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுமாம், அதனால் மேனேஜர். நான் புறப்படும் முன்பே போனில் சொன்னார்: "அந்த டப்பா, பிரஷ்ஷு எதையும் எட்தாராத. சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து போய்க்கினு இருப்பாங்க." வனிதா தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தாள். ரிசப்ஷன் புடவை பச்சை, உன் கையால் அந்தப் புகை டிசைன் போட்டுவிடு அண்ணா, எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று. நான் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, பச்சை, வெள்ளை, மேல்பூச்சு பாட்டில்களையும் ஒரு பிரஷ்ஷையும் சட்டைகளுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு வந்தேன். கஞ்சா கடத்துகிறவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

வந்து என்ன? நைனா விடவில்லை. "பாப்பா கைய நீ புட்ச்சிக்கினு உக்காந்தா, பாக்குறவன் இன்னா நெனைப்பான்?" என்றார். மகன் அனுப்புகிற பணத்துக்கு அவரிடம் எந்த வெட்கமும் இல்லை, மகன் செய்கிற வேலைக்குத்தான். தி. நகரில் ஒரு பார்லரில் ஏற்பாடு செய்தார். அங்கிருந்த பெண் ரிசப்ஷனுக்கு முதல் நாளே போட்டுவிட்டாள். நன்றாகத்தான் போட்டிருந்தாள், பொய் சொல்ல மாட்டேன். புகை இன்னும் புகையாகத் தெரியட்டும் என்று பளபளப்பு இல்லாத மேல்பூச்சு பூசியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உதைத்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் முள்கரண்டியில் சாப்பிடுகிறவர்கள். கையில் மஞ்சள் பூசிக்கொள்ளாதவர்கள்.

மறுநாள் காலை வீட்டில் நலங்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் மஞ்சளை எண்ணெயில் குழைத்து வனிதாவின் முகத்தில், காலில், கையில் அப்பினாள். யார் அதிகம் அப்புகிறாரோ அவருக்குத்தான் பெண்மேல் அதிகப் பாசம் என்பதுபோல் ஒரு போட்டி. நானும் அவள் கன்னத்தில் பூசினேன். கழுவிவிட்டு வந்து வனிதா விரல்களை விரித்துப் பார்த்தாள். பளபளப்பில்லாத பூச்சு மஞ்சளைக் குடித்துவிட்டது. வெள்ளை இருந்த இடமெல்லாம் மஞ்சள். மூடுபனி இறங்கிய மலைக்காடு பத்து விரலிலும் கெட்டுப்போன கொத்தமல்லிச் சட்னி ஆகிவிட்டது. பார்லருக்குப் போன் போட்டோம். "அண்ணா, நா இப்ப அடையாறுல இன்னொரு பிரைடாண்ட கீறேன். நெயில்ஸோட நலங்கு வைப்பீங்கன்னு யாருணா சொல்றது?" என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

மத்தியானம் மண்டபத்தில் மணப்பெண் அறை. வனிதா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நைனா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பார். "இப்பிடியே மேடைல நிக்கிறேன் நைனா. லண்டன் மேனேஜரு தங்கச்சி கையி இப்பிடித்தான் இருக்கும்னு நெனைச்சிக்கட்டும்" என்றாள். நைனா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "கதவ சாத்திக்க. சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தப்பு செய்யப் போகிற மகனுக்குக் காவல் நிற்கிற முகம் அது.

கதவைச் சாத்தினேன். கல்யாண மண்டபத்தில் சாத்திய கதவு சாத்தியபடி இருந்த சரித்திரம் உண்டா? பழைய பூச்சைத் துடைத்து வெள்ளை போட்டு முடிப்பதற்குள் சம்பந்தியம்மா பூத்தட்டோடு உள்ளே வந்துவிட்டார், பின்னாலேயே அவர் பக்கத்துப் பெண்கள். என்னைப் பார்த்தார்கள். லண்டன் மேனேஜர் தரையில் சம்மணம் போட்டு, மடியில் துண்டு விரித்து, கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எழுந்திருக்க முடியாது. கரும்பச்சை பாட்டிலைத் திறந்துவிட்டேன்.

இங்கே வாங்கிய ரிமூவர் எவ்வளவு காட்டமோ தெரியாது என்பதால் முதலில் என் இடது கட்டை விரல் நகத்தில் போட்டுப் பார்த்தேன். புகை சரியாக வந்தது. பிறகு வனிதாவின் சுண்டு விரல். அவள் கை விறைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கையை நான் கடைசியாகப் பிடித்தது ஸ்கூலுக்கு ரோடு தாண்டும்போது. அப்புறம் அவள் பெரிய பிள்ளை ஆனாள், நான் பெரிய பையன் ஆனேன், அவளிடமிருந்து காபி டம்ளரைக்கூட விரல் படாமல்தான் வாங்கினேன். ஊர்பேர் தெரியாதவர்கள் கையெல்லாம் எனக்குத் தெரியும். யாருடைய விரல் எந்தப் பக்கம் கோணல், யார் நகம் கடிப்பவள், எல்லாம் தெரியும். என் தங்கையின் மோதிர விரலில் ஒரு தழும்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்போது, எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். பழக்க தோஷத்தில் வேறு வந்துவிட்டது. "ரிலாக்ஸ் யுவர் ஹேண்ட், லவ்" என்றேன். அங்கே கடைக்கு வருகிற எல்லோருமே 'லவ்'தான்.

வனிதா சிரிப்பை அடக்கினாள். சம்பந்தியம்மா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மேனேஜரு நல்லா கை புடிக்கிறாரே" என்றார்.

"தொழிலுமா" என்றேன்.

"இன்னா தொழிலு?"

"இதான். நகம். அங்க நகக்கடைல வேலை பாக்குறேன்."

"அப்ப மேனேஜருன்னு சொன்னாங்களே?"

"அது எங்க நைனா குடுத்த பிரமோஷன்."

 ஈரம் காய்வதற்குள் ஓரத்தைத் தொட வேண்டும் என்பதால் நான் தலையைத் தூக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பயமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு பொய்யைச் சாக்காக வைத்துக் கல்யாணத்தை நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும். நான் மலைபோல் நம்பியிருந்த என் கை, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டியது. சம்பந்தியம்மா நகத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் தன் பக்கத்துப் பெண்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எம் புள்ளையும் மேனேஜரு இல்ல தம்பி. கம்பெனி பஸ்ஸு ஓட்றான். எங்க ஊட்டுக்காரரு தான் வாய் கூசாம அப்பிடி சொல்லிக்கினு கீறாரு" என்றார்.

நான் வனிதாவைப் பார்த்தேன்.

"இன்னா பாக்குற? அவரு ஓட்ற பஸ்ல தான் நா தெனம் ஆபீஸ் போறேன்" என்றாள். "பாத்து போடுணா. கோடு வெளிய போவுது."

"அடிப்பாவி" என்றார் சம்பந்தியம்மா. கோபம் இல்லை. "அப்ப ஜாதகம், தரகரு, பொண்ணு பாக்க வந்தது எல்லாம்?"

"உங்களுக்கோசரம் தான் அத்த."

பத்து விரலும் முடித்து, இந்தத் தடவை பளபளப்பான மேல்பூச்சு பூசினேன். சம்பந்தியம்மா உடனே தன் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் அவருடைய நாத்தனார், நாத்தனார் மகள். லீவு கிடைக்காத கலாவை விட்டுவிட்டு மூன்று வாரம் லீவு போட்டு வந்தவன், தங்கை கல்யாணத்தில் கடை திறந்து உட்கார்ந்தேன். இதில் எனக்குப் பெருமையா, எரிச்சலா என்று இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் படிக்கிறவர்கள் நைனா திருந்தியிருப்பார் என்று நினைக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு அப்படி முடிகிற கதை பிடிக்கும். அன்று சாயங்காலம் மேடைக்குக் கீழே நைனா யாரிடமோ என்னைக் காட்டி, "எம் புள்ள. லண்டன்ல மேனேஜரு" என்றார். பக்கத்தில் நின்ற சம்பந்தி விடவில்லை, "மாப்ள டிரான்ஸ்போர்ட் மேனேஜரு" என்றார். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள். உண்மை பெண்கள் அறையோடு நின்றுவிட்டது. அங்கே அதற்குக் கல்யாணச் சாப்பாடு கிடைத்திருக்கும். ஆண்கள் பக்கம் வந்திருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள்.

கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள், நான் திரும்பும்போது, நைனாதான் ஆட்டோவில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கும்போது என் இடது கட்டை விரலைப் பார்த்தார். சோதனைக்குப் போட்ட பச்சைப் புகை அப்படியே இருந்தது. ரிமூவர் பாட்டிலை வனிதாவிடம் கொடுத்துவிட்டேன்.

"அத்த அழிச்சிட்டுப் போடா. யாராச்சும் பாக்கப் போறாங்க."

"யாரு பாப்பாங்க நைனா?"

 அவர் குனிந்து அந்த நகத்தைப் பார்த்தார். "வனிதாவுக்கு இதவிட நல்லா வந்திருந்துது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பாராட்டா, புகாரா, கேட்பதற்குள் போய்விட்டார்.

பர்மிங்காமில் இறங்கி வரிசையில் நின்றேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பெண் அதிகாரி கையை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். வலது கையை வைத்தேன். நலங்கில் பூசியது நகக்கண்களில் ஊறி, விரல் நுனியெல்லாம் இன்னும் மஞ்சளாக இருந்தது. அவள் எட்டிப் பார்த்து, நிறைய சிகரெட் பிடிப்பீர்களா என்றாள். இல்லை, தங்கை கல்யாணம் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. இயந்திரம் சிவப்பு காட்டியது. ரிமூவரிலும் நகம் தேய்க்கிற அரத்திலும் என் கைரேகை தேய்ந்துபோயிருக்கிறது, வருகிற ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்றாள். பேன்ட்டில் துடைத்துவிட்டு வலதை வைத்தேன், இடதையும் வைத்தேன். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சைப் புகை. இது யாருடைய கை என்று அந்த இயந்திரத்தின் கண்ணாடி யோசித்துக்கொண்டிருந்தது. நான் அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.