தனக்குத்தானே நார்மல் போட்டுக்கொண்டவர்

கருத்தரிப்பு மருத்துவமனையில் பதினோரு வருடமாக ரிப்போர்ட் டைப் செய்யும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ‘அரை டாக்டர்’ என்று பெயர். பட்டம் கொடுத்தது அவருடைய அக்கா. வாங்கிக்கொள்ள இவர் கூச்சப்பட்டதாகத் தகவல் இல்லை. ஃபாலிக்கிள், எண்டோமெட்ரியம், ஏ.எம்.எச். என்று அவர் வாயைத் திறந்தால் விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு ஆறிவிடும். அத்தனை அறிவும் மூளை வழியாக வந்ததல்ல, விரல் வழியாக வந்தது என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். நடந்ததும் அவர் வாயால்தான் வெளியே வந்தது.

கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. இரண்டு பேருமே பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார் அதே மருத்துவமனையின் டாக்டரம்மா. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி அன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டாள். இவர் கொடுக்க வேண்டியது விந்து. அதற்கான அறை இவர் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி தூரம். கதவைத் திறந்து வெளியே வந்தால் எதிரில் லேப் டெக்னீஷியன், தினமும் இவரோடு டீ குடிக்கிற பெண். குப்பியை எந்த முகத்தோடு அவளிடம் நீட்டுவது?

வழி கையிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பரிசோதனைக்கும், எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு மாதிரி ரிப்போர்ட் உண்டு. அதைத் திறந்து, வந்தவருடைய எண்களை மட்டும் மாற்றி அடிப்பதுதான் வேலை. இவர் பெயரையும் வயதையும் மட்டும் மாற்றினார். அணுக்கள், மில்லிலிட்டருக்கு ஆறு கோடி. அசைவு, நன்று. கையெழுத்துக்குப் போகும் கட்டின் நடுவில் செருகினார். டாக்டரம்மாவின் கையெழுத்தும் விழுந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது நடையில் ஒரு மிடுக்கே வந்துவிட்டதாம். அந்த ஆறு கோடியை முதலில் நம்பியவர் அவர்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருடம், குறையைத் தேடியதெல்லாம் மனைவியின் உடம்பில். தைராய்டு, ஹார்மோன், கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. ‘எங்க தம்பிக்கு எல்லாம் நார்மல்’ என்று அக்கா போகிற இடமெல்லாம் சொல்லிவந்தாள். கடைசியில் டாக்டரம்மா ‘காரணம் தெரியாத குழந்தையின்மை’ என்று எழுதி, வெள்ளிக்கிழமை வயிற்றில் துளை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அந்தக் குறிப்பு டைப்புக்கு வந்தது இவரிடம். ‘காரணம் தெரியாத’ என்று அடித்தபோது காரணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காலை அந்தப் பன்னிரண்டு அடியை நடந்தார். மதியம் டெக்னீஷியன் ஒரு தாளை அவர் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எண்ணிக்கை நாற்பது லட்சம். குறைந்தபட்சம் இருக்க வேண்டியதிலேயே கால்வாசிதான். அசைவு, மந்தம். இதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் எதற்கு, என்னைப் பெற்றவளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாள் என்பார் அவர்.

சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று, “ஒலிகோ அஸ்தெனோ...” என்று ஆரம்பித்தார்.

“தமிழ்ல சொல்லுங்க,” என்றாள் மனைவி.

சொன்னார். பழைய ரிப்போர்ட் எப்படிப் பிறந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள்.

“அந்த டியூப் எக்ஸ்ரே அன்னிக்கு நான் கத்துனது வெளிய கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. அவர் விட்டுவிட்டார். “பக்கத்துல உக்காந்திருந்தவருக்கு அந்த டெஸ்ட்டுன்னா என்னன்னு விளக்கிட்டு இருந்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. அழவுமில்லை. “வெள்ளிக்கிழமை நான் வரல. ஏன் வரலன்னு டாக்டரம்மாகிட்ட காலையில நீங்களே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்க அக்காகிட்ட சொல்லுங்க. இப்பவே.”

நம்பரைப் போட்டதும் அவளே, ஸ்பீக்கரைப் போட்டதும் அவளே.

“அக்கா, அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான். அந்த ரிப்போர்ட்ட நானா அடிச்சுக்கிட்டேன்.”

மறுமுனையில் அக்கா குரலைத் தாழ்த்தி, “ஏன்டா, அவ பக்கத்துல நின்னு இப்படிச் சொல்லச் சொல்றாளா?” என்றாள்.

மனைவி போனை அவர் வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.