ஓடி உண்டு

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் அருள்மேரியின் முகம் தெரியாதவர்கள் ஏராளம். குரல் தெரியாதவர் யாரும் கிடையாது. ஆட்டோ மேல் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஒரு பெண்குரல் தெருத்தெருவாக வருமே, அது அவளுடையதுதான். மனை விற்பனை, கண் பரிசோதனை முகாம், மாதா கோயில் தேர், அம்மன் கோயில் கூழ், கம்பெனிக்கு ஆள் எடுப்பு, காணாமல் போன ஆடு, சாவு என்று எல்லாச் சேதியும் அந்தத் தொண்டை வழியாகத்தான் ஊருக்குப் போயின. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்த வருஷம், தாழ்வான தெருக்களில் இருப்பவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக் கத்திக் கத்தி, பிறகு ஒரு வாரம் அவளால் தண்ணீர்கூடக் கேட்க முடியவில்லை. ஆட்டோ ஓட்டுவது அவள் புருஷன் யாகப்பன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். "எங்க வூட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன்" என்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு சண்டையால். அப்போது கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் நின்று வயர் கட்டிக்கொண்டிருந்தாள். தண்டலம் பஸ் நிறுத்தத்தில், மீதிச் சில்லறை தராத ஷேர் ஆட்டோக்காரனை ஒருநாள் அவள் விட்ட டோஸ் எதிர்ச்சாரி வரைக்கும் கேட்டது. எதிர்ச்சாரியில் டெனிசன் புதிதாக ஆடியோ கடை போட்டிருந்தான். மைக் இல்லாமலே இப்படியென்றால் மைக்கைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து குதித்து, அவன் கடையில் விளம்பரம் பேசிப் பதிய மூச்சிரைக்க ஓடிவருவாள். கடைக்குப் பின்னால்தான் டெனிசனின் வீடு. அவன் அம்மா ராஜம்மா தட்டில் சோற்றைப் போட்டு, மேலே கருவாட்டுக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு வருவாள். வெறும் வயிற்றோடு பேசினால் காற்றுதான் வரும், பேச்சு வராது என்பது அவள் கட்சி. சாப்பிட்டு முடிக்கும்வரை மகனை மைக்கைத் தொடவிட மாட்டாள். பெற்ற தாயை முன்னமே பறிகொடுத்திருந்த அருள்மேரி அந்தச் சோற்றுக்காகவே பல நாள் வந்தாள். அதை அவள் ஒளித்ததும் இல்லை.

அப்படி வளர்ந்த உறவில்தான் போன ஆடியில் மண் விழுந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆட்டோ அவள் குரலிலேயே கூவிக்கொண்டு வந்தது. "பெண் தொழிலாளர்கள் உடனே தேவை. தங்குமிடம் இலவசம். சாப்பாடு, ஓடி உண்டு!"

வரிசை குலுங்கிச் சிரித்தது. ஓ.டி., அதாவது ஷிப்டுக்கு மேல் பார்க்கிற வேலை. யாரோ புள்ளி வைக்காமல் அடித்துவிட, ஓடிப்போய்த் தின்ன வேண்டும் என்பதுபோல அந்தக் குரல் இழுத்து வாசித்துவிட்டது.

"இன்னா மேரி, ஓடினாத்தான் அந்தக் கம்பெனில சோறா?" என்றாள் முன்னால் நின்ற கங்கம்மாள்.

அருள்மேரியும் சேர்ந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. கம்பெனியில் வேலை பார்த்தவள் ஓ.டி.யை அப்படிச் சொல்வாளா? அதைவிட, இந்த விளம்பரத்தை அவள் பேசவே இல்லையே! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டெனிசனின் மிஷின் அருள்மேரியின் வாயால் கெட்டது.

பையை அப்படியே கங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு நேரே டெனிசனின் கடைக்குப் போனாள். டெனிசன் மறைக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் பேசிய பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது அவள் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டது. இனி எழுத்தை அடித்தால் போதும், அதுவே பேசும். சென்னையில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், விளம்பரம் தருகிற பார்ட்டிகள் அங்கே போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று புலம்பினான். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள்.

"வேற யாரு குரலயும் நான் எடுக்கலக்கா. உன்னுததான் எடுத்தேன்."

"என்னாண்டதான் திருடினேன்றத எவ்ளோ மரியாதையா சொல்ற! மைக் உன்னுது, கம்ப்யூட்டர் உன்னுது. தொண்டை யாருதுடா?"

அதோடு பேச்சு நின்றது. வேலையும் நின்றது. யாகப்பன் ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டுக் காய்கறி லோடு அடிக்கப் போனார். அருள்மேரி வாய்விட்டே அழுதாள். வருமானம் போனதற்கு மட்டுமல்ல, தன் வாய் தன்னைக் கேட்காமல் ஊர் சுற்றுகிறதே என்று.

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சசிகலாவைப் போய்ப் பார்த்தாள். எழுதியவருக்கு எழுத்தில் உரிமை, பதிவு செய்தவருக்குப் பதிவில் உரிமை, பேசியவளுக்கும் தான் பேசியதில் ஓர் உரிமை உண்டு என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். பேசாததைப் பேசவைத்தால் என்ன என்பதற்குத்தான் பதிப்புரிமைச் சட்டத்தில் பளிச்சென்று பதில் இல்லையாம். பெரிய நடிகர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்குகிறார்கள். ஆட்டோவில் பேசுகிறவர் யாரும் போனதாக அவள் கேள்விப்படவில்லை. கேஸ் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இழுக்கும் என்றாள்.

"ஒண்ணு பண்ணுங்கக்கா. நீங்க பேசறதுல உங்க பேரைச் சொல்லுங்க. நீங்க பேசாம உங்க பேரைப் போட்டா அது மோசடி. அதுக்கு வாதாட நான் யோசிக்கவே வேணாம்."

அனௌன்சர்கள் பேர் சொல்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. அருள்மேரி சொன்னாள். யாகப்பன் மறுபடி ஸ்பீக்கரைக் கட்டினார். ஒவ்வொரு விளம்பரத்தின் கடைசியிலும், "பேசுவது அருள்மேரி" என்று வந்தது. டெனிசனின் மிஷின் அந்தப் பேரைத் தொடவில்லை. அந்த மட்டும் பயம் இருந்தது. சில பார்ட்டிகள் பேர் வருகிற குரல்தான் வேண்டும் என்று தேடி வந்தார்கள். மலிவு பார்க்கிறவர்கள் மிஷினிடமே போனார்கள். பாதி வேலைதான் திரும்பி வந்தது.

இதற்கு நடுவில் ராஜம்மா படுத்துவிட்டாள். டெனிசன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அருள்மேரி பின்வாசல் வழியாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவாள். கிழவிக்கு எல்லாச் சேதியும் தெரிந்திருந்தது.

"ஏண்டி, நீ ஓடியாந்து துன்னது அந்த மிஷினுக்கு எப்பிடிடி தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு இருமும்வரை சிரித்தாள்.

அதுதான் அவர்கள் கடைசியாகச் சிரித்தது. சில வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டெனிசன் வீங்கின கண்ணோடு அருள்மேரியின் வாசலில் வந்து நின்றான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா சேதிய மிஷின்ல டைப் பண்ணிப் பாத்தேங்கா. ஒரு தப்பும் இல்லாம சொல்லுது. வெளிய அனுப்ப மனசு வரல. நீ சொல்லுக்கா. கடைசில உன் பேரையும் சொல்லு."

"ஊருக்கு மிஷின் போதும். உங்கம்மாவுக்கு மட்டும் ஆள் வேணுமா?"

சுடச்சுடக் கேட்டுவிட்டாள். தப்புதான் என்றான். இனி அவளைக் கேட்காமல் அந்தக் குரல் தன் கடையை விட்டுப் போகாது என்று, அவள் கேட்காமலே சொன்னான். வேறொரு நாளாக இருந்திருந்தால் இன்னொரு தடவை சொல்லவைத்திருப்பாள். இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி, மைக்கைக் கையில் எடுத்தாள்.

"தண்டலத்தில் வசித்து வந்த திருமதி ராஜம்மா அவர்கள் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். நல்லடக்கம் இன்று மாலை நடைபெறும்." இந்த இடத்தில் அவள் தயங்கினாள். சாவுச் சேதியில் மட்டும் அவள் தன் பேரைச் சொன்னதே இல்லை. இறந்தவர் பேர் நிற்க வேண்டிய இடத்தில் தன் பேர் எதற்கு என்று விட்டுவிடுவாள். ஆட்டோ ரேஷன் கடைத் தெருவுக்குள் திரும்பியது. மைக்கை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"பேசுவது, அவர் வீட்டில் ஓடி உண்ட அருள்மேரி."

கடை வாசலில் நின்ற கங்கம்மாள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று சிரித்த தெருவில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. யாகப்பன் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"இன்னொரு வாட்டி சொல்லு."